இரண்டு புள்ளி வரிசைகளுக்கு நடுவே

டி.எஸ். எலியட்டின் புரூஃப்ராக் கவிதையைப் பிடித்தவர்களைக் கேட்டால் ஒருவர் மஞ்சள் பனிமூட்டம் என்பார், இன்னொருவர் காப்பிக் கரண்டி என்பார், இளகிய மனசுக்காரர் கடைசியில் வரும் கடற்கன்னிகள் என்பார். எல்லாம் சரிதான். ஆனால் கவிதையின் நடுவில், அச்சுக்கோப்பவர் கைதவறிப் போட்டதுபோல, இரண்டு புள்ளி வரிசைகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே மொத்தம் ஐந்தே வரி. முதல் மூன்றில் ஒருவன் அந்தி நேரத்தில் குறுகலான தெருக்களில் நடந்து போனதையும், கோட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலில் சாய்ந்தபடி புகைபிடிக்கும் தனியாள்களைப் பார்த்ததையும் சொல்லலாமா என்று யோசிக்கிறான். அடுத்த இரண்டில், கடலடியில் பரபரவென்று ஓடும் ஒரு ஜோடி நண்டுக் கொடுக்காகத் தான் பிறந்திருக்கலாமே என்கிறான். தெருவிலிருந்து கடலடிக்கு எப்படி வந்து சேர்ந்தான்? கவிதை வாயைத் திறப்பதில்லை.

1917 ஜூனில் லண்டனில் வெளிவந்த எலியட்டின் முதல் தொகுப்பில் ரசிக்க ஆயிரம் இருக்கலாம். இந்தக் கட்டுரைக்காரரின் ஓட்டு அந்தப் புள்ளிகளுக்கு.

அங்கே ஒரு பாலம் இருந்தது. 1911 கோடையில் மியூனிக்கில் கவிதையை முடித்த எலியட், அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் பிரதி எடுக்கும்போது நடுவில் கொஞ்சம் பக்கங்களைக் காலியாக விட்டார். 1912இல் அந்த இடத்தை நிரப்பினார். முப்பதுக்கு மேற்பட்ட வரிகள். புரூஃப்ராக்கின் இரவு விழிப்பு என்று அதற்குத் தனித் தலைப்பே கொடுத்திருந்தார். தெருவில் நடந்தவன் அதில் வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்குவதில்லை. கெட்ட தெருக்கள், வாசலில் நிற்கும் பெண்கள், மூலையில் சிணுங்கும் குழந்தைகள், விடிய விடியக் காத்திருப்பு, விடியலில் தடுமாறி ஜன்னலருகே போய் நின்று தன் பைத்தியம் தானே பாடுவதைக் கேட்பது, கடைசியில் உலகமே உருண்டு திரண்டு கரைந்து போவது. அதன் முடிவை ஒட்டித்தான் அந்த நண்டு வந்தது. இப்போது நாம் படிக்கும் ஐந்து வரியில் முதல் மூன்று அந்தப் பகுதியின் தலை. கடைசி இரண்டு அதன் வால்பக்கம். உடம்பு முழுவதையும் எலியட் எடுத்துவிட்டார். எடுத்த இடத்தைத் தைத்து மறைக்கவும் இல்லை.

அந்த இரவு இருந்திருந்தால் நண்டுக்கு நியாயம் கிடைத்திருக்கும். இவ்வளவு அனுபவித்தவன் நண்டாகப் பிறந்திருக்கலாம் என்று நினைப்பது இயல்புதானே என்று வாசகர் தலையாட்டியிருப்பார். இப்போது நியாயம் எதுவும் இல்லை. மூன்று வரி நடக்கிறான், வாய் அடைத்துப் போகிறது, நண்டு. தேநீர் விருந்துக்குப் போகும் வழியில், உடுப்பும் கழுத்துப் பட்டையும் சரியாக இருக்கிறதா என்று கவலைப்படுகிறவனின் மனசுக்குள் இப்படி ஒரு பிராணி ஓடுகிறது என்பதை விளக்கமில்லாமல் காட்டுவதில்தான் பயம் இருக்கிறது. விளக்கியிருந்தால் அவன் பரிதாபத்துக்குரியவனாக மட்டும் மிஞ்சியிருப்பான்.

வெட்டும் யோசனை எலியட்டுக்குத் தானாக வரவில்லை. ஹார்வர்ட் நண்பர் கான்ராட் எய்கன்தான் பின்னால் சேர்த்த பகுதி முன்னதன் தரத்தில் இல்லை என்று கண்டுகொண்டவர். 1946இல் ஒரு பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் எலியட்டே இதைச் சொல்லி நன்றி பாராட்டியிருக்கிறார். அந்த வரிகள் அப்போதே அழிக்கப்பட்டுவிட்டன என்று உறுதியாக நம்புவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார். அழியவில்லை. அந்த நோட்டை அவர் 1922இல் நியூயார்க் வழக்கறிஞர் ஜான் க்வின்னுக்கு 140 டாலருக்கு விற்றிருந்தார். அது க்வின்னின் வாரிசுகளிடம் தங்கி, நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்புக்குப் போய், 1968இல்தான் இருக்கும் சேதியே வெளியே வந்தது. எலியட் 1965இல் காலமாகிவிட்டார். தான் கிழித்துப் போட்டதாக நினைத்த இரவு பத்திரமாக இருந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

எய்கன் சொன்னதைக் கேட்டவர் எஸ்ரா பவுண்ட் சொன்னதைக் கேட்கவில்லை. ஹாம்லெட் பற்றிய பத்தி பவுண்டுக்குப் பிடிக்கவில்லை; எடுத்துவிட்டால் நல்லது என்று நினைத்தார். அது ஆரம்பத்திலேயே எழுதிய பகுதி, எலியட் விடுவதாக இல்லை. இந்தத் தகவல் 1915 ஜனவரியில் பவுண்ட் சிகாகோவின் ‘பொயட்ரி’ ஆசிரியர் ஹாரியட் மன்ரோவுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. மன்ரோவுக்கு வேறு குறை: கவிதை கடைசியில் சுருதி இறங்கிப் போகிறதாம். தோற்றவனைப் பற்றிய கவிதை வெற்றி முழக்கத்தோடு முடியாது என்று பவுண்ட் அவருக்குப் பதில் எழுதினார். ஆக ஒருவர் நடுவில் வெட்டு என்றார், ஒருவர் ஹாம்லெட்டை வெட்டு என்றார், ஒருவர் முடிவை மாற்று என்றார். இருபது வயதுகளில் இருந்த ஒரு கவிஞர் மூன்று யோசனைகளில் ஒன்றை மட்டும் ஏற்று, மற்ற இரண்டையும் ஒதுக்கினார். மூன்றிலும் அவர் செய்ததே சரி.

‘பாழ்நிலம்’ கட்சிக்காரர்களோடு இங்கேதான் கருத்து வேறுபாடு. 1922இல் வந்த எலியட்டின் அந்தப் பெரும் கவிதையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் 1971இல் எலியட்டின் மனைவி வேலரி அதன் கையெழுத்துப் பிரதியை அச்சில் கொண்டு வந்ததிலிருந்து, நவீன கவிதையின் வெட்டும் கலை என்றால் பவுண்டின் பென்சில் என்றே பேச்சாகிவிட்டது. பவுண்டின் பென்சில் பெரியதுதான். பக்கம் பக்கமாகச் சாய்த்தது. ஆனால் அங்கே வெட்டியவரின் காது வேறு, எழுதியவரின் காது வேறு. புரூஃப்ராக்கில், யோசனை எய்கனிடமிருந்து வந்தாலும், இரண்டும் ஒரே காது. பவுண்ட் எலியட்டை முதலில் சந்தித்தது 1914 செப்டம்பரில்; கவிதை முடிந்து மூன்று வருஷமாகியிருந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் தன்னைத்தானே நவீனமாக்கிக்கொண்ட ஆள் என்று பவுண்ட் உடனே மன்ரோவுக்கு எழுதினார். பவுண்ட் சொன்னவற்றில் இந்த ஒன்றோடு சண்டை போட முடியாது.

இன்னொரு கட்சி இருக்கிறது, அது இன்னும் புதியது. 1996இல் கிறிஸ்டஃபர் ரிக்ஸ் அந்த நோட்டை முழுவதுமாக, அடிக்குறிப்பு மேல் அடிக்குறிப்பாகப் பதிப்பித்தார். பிரமாதமான பதிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, இரவுப் பகுதியைத் திருப்பி உள்ளே வைத்தால் கவிதை இன்னும் துணிச்சலாக இருக்கும், எலியட் தன் உடம்பைக் கண்டு பயந்துதான் அதை எடுத்தார் என்று பேசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். பயந்திருக்கலாம். கவிஞன் பயந்து செய்ததும் கவிதைக்கு நல்லதாக முடியலாம். அந்த முப்பது சொச்ச வரியில் நல்ல வரிகள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவற்றைத் தனியாகப் படிக்கையில் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அவை உரத்த குரலில் இருக்கின்றன. புரூஃப்ராக் உரத்துப் பேசத் தெரியாதவன்.

புத்தகம் வந்த கதையை எல்லாரும் சொல்லியாயிற்று; சுருக்கமாகப் போகலாம். எய்கன் 1914இல் கவிதையை லண்டனுக்கு எடுத்துப் போய் ஹரால்ட் மன்ரோவிடம் காட்டினார். பைத்தியக்காரத்தனம் என்று திருப்பிக் கொடுத்தார் அவர். சிகாகோ மன்ரோ மாதக்கணக்கில் வைத்திருந்து, 1915 ஜூன் இதழின் கடைசிப் பக்கங்களில் போட்டார். பெரியவர் ஆர்தர் வா 1916 அக்டோபர் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’வில், பண்டைக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று குடித்த அடிமையைக் கூட்டிவந்து காட்டுவார்களாமே, இந்தக் கவிஞர்களால் அந்த உபயோகம் உண்டு என்று எழுதினார். புத்தகமாகப் போடலாமா என்று பதிப்பாளர் எல்கின் மாத்யூஸைக் கேட்டதற்கு அவர் முன்பணம் எதிர்பார்த்தார். பவுண்டுக்குக் கோபம் வந்தது. ‘ஈகோயிஸ்ட்’ பத்திரிகையின் ஹாரியட் ஷா வீவரிடம் போனார்.

வீவரைப் பற்றி மட்டும் சற்று நின்று பேசலாம். தொண்டை திறந்து பேசாத, தொப்பியும் கையுறையும் போட்ட, மரியாதையான ஆங்கிலேயப் பெண்மணி. ஜாய்ஸின் முதல் நாவலைத் தொடராக வெளியிட்டு, அதைப் புத்தகமாக்கி, பிறகு பெயர் சொல்லாமல் வக்கீல் மூலம் அவருக்குப் பணம் அனுப்பியவர். அச்சுச் செலவில் ஐந்து பவுண்டை எஸ்ரா பவுண்ட் தன் மனைவி டாரதியிடம் வாங்கிக் கொடுத்தார். எலியட்டுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் ஒருவர் இன்னொருவரின் புத்தகத்துக்குப் பணம் போட்டால் நன்றியுரையில் அவர் பெயர் முதல் வரியில் வந்துவிடும். அங்கே பணம் கொடுத்தவரும் வாயைத் திறக்கவில்லை, வாங்கியவரும் திறக்கவில்லை.

வந்த புத்தகம் நாற்பது பக்கம். மங்கிய மஞ்சள் தாள் அட்டை, விலை ஒரு ஷில்லிங், 500 பிரதி. முன்னுரை கிடையாது. யாருடைய வாழ்த்தும் கிடையாது. பாரிஸில் எலியட்டோடு ஒரே விடுதியில் தங்கியிருந்து, 1915இல் டார்டனெல்ஸ் போரில் மாண்ட மருத்துவ மாணவர் ஜான் வெர்தனாலுக்கு ஒரு சமர்ப்பணம், பிறகு நேரே கவிதை. மொத்தம் பன்னிரண்டு.

பன்னிரண்டும் ஒரே தரமில்லை என்று ஒத்துக்கொள்வதில் ரசிகனுக்கு வெட்கம் தேவையில்லை. புரூஃப்ராக், அடுத்து சீமாட்டியின் சித்திரம், அடுத்து ‘பிரெல்யூட்ஸ்’, அடுத்து காற்றடிக்கும் இரவின் ராப்சடி. நான்கும் அடுத்தடுத்து வந்து வாசகரை அசைய விடாமல் உட்கார வைத்துவிடுகின்றன. பின் வரும் பாஸ்டன் கவிதைகள், செத்துப்போன ஹெலன் அத்தையும் நவீன நடனம் ஆடும் நான்சியும், பெரிய ராகத்துக்குப் பிறகு வரும் துக்கடாக்கள். சிரிக்கலாம், மறந்துவிடலாம். நான்சி கவிதையின் கடைசி வரியை மெரடித்தின் பதினான்கு வரிப் பாட்டிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டிருப்பது ஒரு சாமர்த்தியம், அவ்வளவே. அப்பாலினாக்ஸ் என்ற பெயரில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வந்து தேநீர் மேஜையில் சிரித்துவிட்டுப் போகிறார். ‘ஹிஸ்டீரியா’ என்ற ஒரு பத்தி வசன கவிதையை யாரும் கண்டுகொள்வதில்லை. சிரிக்கும் ஒரு பெண்ணின் வாய்க்குள்ளேயே இழுத்துச் செல்லப்படும் ஆண் அதில் இருக்கிறான். வெட்டப்பட்ட இரவின் சூடு, அடக்கமாக, அங்கே கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கடைசியில் அழும் பெண். இத்தாலியில் பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் சொன்ன சிற்பத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் வந்து எழுதிய கவிதை. எலியட் அதைக் கடைசியில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. முதல் கவிதையில் ஒரு பெண்ணிடம் கேள்வி கேட்க முடியாதவன். கடைசிக் கவிதையில் பிரிவையே ஓவியக்காரன்போல நின்று, கை இப்படி, பூ இப்படி, வெயில் இப்படி என்று அமைக்கிறவன். நடுவில் ஊர் முழுக்க இருக்கிறது.

அது எந்த ஊர் என்பது பழைய தகராறு. பாஸ்டன் என்பார்கள், பாரிஸ் என்பார்கள், லண்டன் என்று நினைத்துப் படித்தவர்களும் ஏராளம். மஞ்சள் பனிமூட்டம் தான் பிறந்த செயின்ட் லூயியின் தொழிற்சாலைப் புகை என்று எலியட் பிற்பாடு சொன்னார். புரூஃப்ராக் என்ற பெயரும் அந்த ஊரின் மரச்சாமான் கடைப் பலகையிலிருந்து வந்ததுதான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் காட்டினார்கள். எலியட் தனக்கு அது நினைவில் இல்லை என்றார். நாற்காலி, பீரோ விற்கும் பெயரைத் தாங்கி ஒருவன் காதல் கீதம் பாடுகிறான் என்பதே போதாதா?

புத்தகம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1917 மார்ச்சில், எலியட் லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தார். புத்தகம் வந்த ஜூனிலேயே ‘ஈகோயிஸ்ட்’டின் உதவி ஆசிரியராகவும் ஆனார், அந்த வேலையில் இருந்த ஆல்டிங்டன் போர்முனைக்குப் போய்விட்டார். 21 ஜூன் ‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்’டில் பெயர் போடாத ஒரு மதிப்புரைக்காரர் இவற்றுக்கும் கவிதைக்கும் சம்பந்தமே இல்லை என்று நாலு வரியில் முடித்துவிட்டார். கிளைவ் பெல் ஒரு கட்டுப் பிரதிகளை கார்சிங்டனுக்கு எடுத்துப் போய் விருந்தாளிகளுக்கு விநியோகித்ததும், அங்கே கேதரின் மான்ஸ்ஃபீல்ட் வாய்விட்டுப் படித்துக் காட்டியதும் மட்டும்தான் வெளியீட்டு விழா. அந்த 500 பிரதி விற்றுத் தீர நான்கைந்து வருஷம் ஆயிற்று.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வை ஆரம்பித்து, 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டு வந்து, புத்தகப் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். அதே ‘எழுத்து’வில் சி. மணியின் ‘நரகம்’ வந்தபோது எலியட்டின் சாயல் பேசப்பட்டது. பேசியவர்கள் ‘பாழ்நிலம்’ என்றே பேசினார்கள். மாநகர மாலையில் ஆசையும் கூச்சமுமாய் அலைந்து, எதுவும் நடக்காமல் திரும்பும் ‘நரகம்’ ஆளுக்குப் பாழ்நிலத்தை விடப் புரூஃப்ராக்கின் தெரு பக்கத்தில் இருக்கிறது. எலியட் நோட்டில் பூட்டி வைத்த இரவை, அப்படி ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரியும் முன்பே, தமிழ்க் கவிஞர் ஒருவர் தன் ஊரில் நடந்து பார்த்திருக்கிறார் என்று சொன்னால் மிகையாகாது.

இன்றைக்கு அந்தப் புள்ளி வரிசைகளின் கதி சொல்லும்படி இல்லை. பாடநூலில் சில இடங்களில் அவை காணவே காணோம். சில இடங்களில் நட்சத்திரக் குறியாகிவிட்டன. திரையில் படிக்கும் பிரதிகளில் வெறும் இடைவெளி. மாணவர் நோட்ஸ் எழுதுகிறவர்கள் புள்ளிகள் இல்லாததால் தைரியமாக, தனிமையை உணர்ந்த நாயகன் நண்டைக் குறியீடாக்குகிறான் என்று ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். எலியட் எடுத்த பாலத்தை ஆளுக்கொரு விதமாக மறுபடி கட்டுகிறார்கள்.

முதல் தொகுப்பு என்கிற பண்டமே இப்போது வேறாகிவிட்டது. ஜனவரிப் புத்தகக் காட்சிக்குப் போனால் தெரியும். முதல் புத்தகமே நூற்றிருபது கவிதை, இரண்டு அணிந்துரை, ஒரு வாழ்த்துரை, ஒரு என்னுரை, பின்னட்டையில் புகைப்படம். அதில் பன்னிரண்டு நல்ல கவிதை நிச்சயம் இருக்கும். பல தொகுப்புகளில் இருக்கவே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, மீதியை நோட்டிலேயே விட்டுவிடு என்று சொல்ல ஓர் எய்கன் இல்லை. இருந்தாலும் அவரோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். எலியட் 22 வயதில் முடித்த கவிதைக்கு 28 வயதில்தான் அட்டை போட்டார். அந்த ஆறு வருஷத்தில் அவருக்கு எழுத வராமல் இல்லை. நோட்டு நிறையத்தான் இருந்தது, கிழித்து எடுக்கப்பட்ட ஆபாசப் பாட்டுப் பக்கங்கள் உட்பட.

எலியட்டின் மேலும் ஒரு குறை உண்டு. 1919இல் வுல்ஃப் தம்பதி ஹோகார்த் அச்சகத்தில் தங்கள் கையாலேயே அச்சுக்கோத்து அவருடைய அடுத்த சிறு நூலைக் கொண்டு வந்தார்கள். அழகான வேலை, ஆனால் அதிலுள்ள நாலடிப் பாடல்களில் படிப்பு தெரிகிற அளவுக்கு நடுக்கம் தெரியவில்லை. 1920இல் ஜான் ராட்கர் தம் ஓவிட் அச்சகத்திலிருந்து ஓர் ஆடம்பரப் பதிப்பு கொண்டு வந்தார். அதில் ‘ஜெரான்ஷன்’ முதல் பக்கத்துக்குப் போயிற்று, முதல் தொகுப்புக் கவிதைகள் பின்னால் தள்ளப்பட்டன, ‘ஹிஸ்டீரியா’ தூக்கப்பட்டது, அதற்குப் பதில் ‘ஓட்’ என்ற கவிதை நுழைந்தது. அந்த ‘ஓட்’டை எலியட் அதற்குப் பிறகு எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை, ‘ஹிஸ்டீரியா’ திரும்பி வந்தது. 1925இல் ஃபேபர் அண்ட் க்வையர் தொகுத்த பதிப்பில் பன்னிரண்டும் மறுபடி முன்னால் வந்தன. அன்று முதல் அவை ஒரு பெரிய புத்தகத்தின் முதல் பகுதி மட்டுமே.